ஊர்க்காவலன் காருக்கு அடியில் ஒரு கறுப்புப் பொட்டு

“ஏத்தா, வயசான இஞ்சினு புது ஆயிலைத் தாங்குமா?”

ஊர்க்காவலன் மாமா என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று புரியாமல் நான் திரிந்த 2006ஆம் வருடம் அது. ஆமத்தூரில் எங்கள் பக்கத்து வீடு அவருடையது. மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போனவர், லாரியில் கிளீனராக ஏறி, வண்டி ஓட்டப் பழகி, கடைசியில் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரை வாங்கியிருந்தார். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார். தினமும் காலையில் என் அம்மா ராமுத்தாயோடு இன்னும் ஐந்து பெண்களைப் பட்டாசுக் கம்பெனிக்குக் கூட்டிப்போவார்.

அதில் போவது விட்ட தூக்கத்தைத் தொடர்வது மாதிரி என்பாள் அம்மா. பனிக்குள் கருவேல மரங்கள் மிதந்து வரும். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து கிடப்பார்கள். மாமாவின் காது மட்டும் இஞ்சினிலேயே இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் அது கொஞ்ச நேரம் கடகடவென்று அடித்துக்கொண்டது.

சிந்தெடிக் என்ற புதுவகை ஆயில் ஊற்றினால் குளிர்ந்த இஞ்சினிலும் சீக்கிரம் பரவி, அந்தக் கடகடப்பு குறையும் என்றார் விருதுநகர் கடைக்காரர். பக்கத்தில் நின்றவரோ, ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்கள் பழசாகி, அவற்றின் இடுக்கை அடைத்திருக்கும் கசடு கரைந்து ஆயில் ஒழுகும் என்று பயமுறுத்தினார்.

ஒழுகினால் மாமாவின் பிழைப்பே போய்விடும். ஆயில் சொட்டும் வண்டியைக் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

மெக்கானிக் பலவேசம் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். “ஏலே, ஒரு வாரம் அடியில தாள் விரி. இப்பமே ஒழுகினா முதல்ல சீலை மாத்துவோம். இல்லைன்னா தைரியமா ஊத்து.”

சிவகாசிப் பக்கம் தாளுக்கா பஞ்சம்? காலண்டர் அச்சகத்தில் கழித்த தாள்கள் ஒரு கட்டு வந்தன. சாமி படங்களைக் கும்பிட்டு எடுத்துவைத்துவிட்டு, தேதித் தாள்களை மட்டும் வெள்ளைப் பக்கம் மேலே தெரிய விரித்தார் மாமா. ஏழு நாளும் ஒரு சொட்டு இல்லை.

எட்டாம் நாள் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார்கள். அந்தச் சந்தோஷத்தில் மாமா அன்று ராத்திரி தாளை எந்தப் பக்கம் விரித்தோம் என்று கவனிக்கவில்லை.

விடியலில் அவர் போட்ட சத்தத்தில், கம்பெனிக்குக் கிளம்பி வந்த பெண்களோடு நாங்களும் ஓடினோம். தாளில் ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு. மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“எல்லாரும் பஸ்ஸுக்குப் போங்கம்மா. நல்லா இருந்த வண்டிய நானே கெடுத்துட்டேன்.”

அம்மா குனிந்து, பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் போகாத விரலால் அதைத் தேய்த்தாள். விரலில் ஒட்டவில்லை. தாளை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தேதிக் கட்டத்துக்குள் அச்சடித்த பொட்டு அது.

“ஏண்ணே, இது ஆயிலு இல்ல. அமாவாசை!”

“அமாவாசைக்கு எந்தச் சீலுண்ணே மாத்தப் போறீக?” என்றாள் இன்னொருத்தி.

“சிரிங்க, சிரிங்க. பொண்டாட்டிக்குக்கூட இம்புட்டுக் கலங்கினதில்ல நான்.”

சாவியைத் திருப்பினார். கடகடப்பு கொஞ்சமாகக் கேட்டு, உடனே அடங்கியது. அன்று நானும் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து போனேன். பனியும் மரங்களும் சத்தமில்லாமல் எங்களைக் கடந்தன. கார் நகர்கிறதா, ஊர் நகர்கிறதா என்று தெரியவில்லை. கம்பெனி கேட் எங்களுக்காகத் திறந்தது.

இப்போது கேட்டால் சொல்வேன்: சீல் நன்றாக இருந்தால் தாங்கும் மாமா. பழைய வண்டி வைத்திருப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். தாளில் கறுப்பாக எதைப் பார்த்தாலும், கலங்குவதற்கு முன் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.