பீச்சாங்கைக் கல்

எங்கள் ஊரில் தோண்டினால் களிமண் வரும், இன்னும் தோண்டினால் மணல் வரும், கல் மட்டும் வராது. கல் என்றால் லாரியில் வந்து இறங்கும் ஜல்லிதான். அப்படிப்பட்ட காரைக்காலுக்கு என் வாப்பா விமானத்தில் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். நான் கேட்டிருந்ததோ, நடந்தால் லைட் எரிகிற ஷூ.

வாப்பா சவூதி பாலைவனத்தில், ஆதிகாலத்து மனிதர்களின் தடயத்தைத் தேடித் தோண்டுகிறவர்களுக்கு வண்டி ஓட்டினார். ஒரு காலத்தில் அங்கே ஏரி இருந்ததாம். அதன் கரையில் தங்கி வேட்டையாடியவர்கள், கல்லைக் கல்லால் தட்டியே கத்தி செய்துகொண்டார்களாம். அப்படிக் கிடைத்த கத்திகளில் ஒன்று இடது கையில் மட்டுமே வாகாக உட்கார்ந்ததாம். தோண்டுகிறவர்களில் ஒருவரிடம் கேட்டு, அதே மாதிரி புதிதாக ஒன்று தட்டி வாங்கி வந்திருந்தார்.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு, பீச்சாங்கைக்காரி. சாப்பாடு சோத்தாங்கையில்தான், அதில் எனக்கும் சண்டையில்லை. ஆனால் பென்சிலை இடது கையில் எடுத்தாலும் உம்மாவின் கரண்டி விரல் முட்டியில் இறங்கும். அந்தக் கரண்டியைக் கண்டாலே எனக்கு ஆகாது.

வாப்பா கல்லை என் இடது கையில் வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தார்.

“பாத்தியா, ஏரிக்கரையில குந்தி மான் தோலு சீவுன ஆளுக்கும் பீச்சாங்கைதான். அவனை யாரு கரண்டியால அடிச்சா?”

“அவனுக்கு மாமியா இல்ல” என்றாள் உம்மா.

வாப்பா சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை.

கல் என் விரல்களுக்குள் அடங்கவேயில்லை. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, ஷூ வராத ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு தலையணைக்கடியில் வைத்தேன்.

மறுநாள் காலை கல்லைக் காணோம். தேடிக்கொண்டு கொல்லைக்குப் போனால், உம்மா அந்தக் கல்லால் கொடுவா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருக்கிறாள், அதுவும் இடது கையால்! என் விரல்களுக்குள் அடங்காத கல் அவள் கைக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவள் கை அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததேயில்லை. அந்த நேரம் வாசலில் அவளுடைய மாமியாரின், அதாவது என் வாப்பும்மாவின் குரல் கேட்டது. சட்டென்று கல் வலது கைக்கு மாறியது. வேகம் பாதியாகிவிட்டது.

“என் கல்லை மீன் நாத்தம் ஆக்கிட்டீங்களே!” என்று அழுதேன்.

“கத்தாத புள்ள, கழுவித் தர்றேன்.”

அன்று சாயங்காலம் வீம்புக்கென்றே பென்சிலை இடது கையில் பிடித்தேன். உம்மா பார்த்தாள், கரண்டியைத் தேடவில்லை. நான் அழுத அழுகைக்குப் பயந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. வாப்பா அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, கை அளவு தெரியாமலா கல் தட்டச் சொல்லியிருப்பார் என்று யோசிக்க எனக்கு அப்போது வயது போதவில்லை.