துகளுக்குப் போட்ட பூசை

என் மகள் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். புற்றுநோய் மருந்தை உள்ளே வைத்துக்கொண்டு, தண்ணீரில் தானாகவே உருண்டையாகச் சேரும் பாலிமர் துகள் செய்கிறாள். கண்ணுக்கே தெரியாது. "தானா சேருதுன்னா உனக்கு எதுக்குச் சம்பளம்?" என்று அவள் அப்பா கேலி செய்வார். ஆனால் சேர்ந்த துகளெல்லாம் ஒரே வாரத்தில் பிரிந்துபோக, பிள்ளை சோறு இறங்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மந்தைவெளியில் எங்கள் பங்கு மாதா கோயிலில், "மகளின் துகள்கள் பிரியாமல் சேர்ந்திருக்க" என்று பூசையில் வேண்டிக்கொள்ளக் கருத்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஏதோ பிழை என்று, சீட்டு வாங்கும் கோயில்பிள்ளை அன்போடு திருத்திவிட்டார். ஞாயிறு பூசையில் சாமியார் வாசித்தார்: "மகளும் மருமகனும் பிரியாமல் சேர்ந்திருக்க."

மகளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"கல்யாணத்துக்குத்தான் கூப்பிடல, சண்டைக்காவது சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஆண்டவர் மட்டும் கருத்தைச் சரியாகப் படித்திருக்கிறார். அடுத்துச் செய்த துகள் ஒரு மாதமாகியும் பிரியவில்லை. மகள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். நன்றிப் பூசை எழுதப் போனேன்.

"இன்னாக்கா, சேந்தாச்சா?" என்றார் கோயில்பிள்ளை.

"சேந்தாச்சுப்பா. ஒரு மாசமா தண்ணியிலயேதான் கெடக்கு" என்றேன், துகளை நினைத்துக்கொண்டு.

நன்றிக்குக் கீழே, "மருமகன் குடியை விட" என்று அவராகவே சேர்த்துக்கொண்டார்.