கஞ்சிப் பதம்

வளைகுடாவில், முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் பக்கவாதம் வந்து விழுந்த வெல்டர் அவர். ஆஸ்பத்திரியில் விழுங்கும் கோளாறைப் பார்ப்பது என் டூட்டி என்பதால் என்னிடம் அனுப்பினார்கள். அவர் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன். குரல்வளை சோம்பலாக ஏறி இறங்கியது. இருமலே இல்லை. பார்ப்பவர்கள் நன்றாகத்தான் விழுங்குகிறார் என்பார்கள். "ஆ சொல்லுங்கண்ணே" என்றேன். குரல் ஈரமாகக் கொழகொழத்தது. தண்ணீர் குரல்வளையிலேயே தேங்கி நிற்கிறது என்று அர்த்தம்.

எக்ஸ்ரேயில் வைத்து விழுங்கச் சொன்னபோது தெரிந்துவிட்டது. தண்ணீர் சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. கெட்டியாகக் கொடுத்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி விழுங்கச் சொன்னால் ஒழுங்காக இறங்குகிறது. ஏற்கெனவே ஒரு முறை நிமோனியா வந்த ஆள். இன்னொரு முறை வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவருடைய ரூம்காரர், ராமநாதபுரத்து ஆள், லீவு போட்டுவிட்டுத் துணைக்கு இருந்தார். அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்: "தண்ணி மாஃபி, டீ மாஃபி, மோரும் மாஃபி, தண்ணியா எதுவுமே கூடாது. எதுவானாலும் கஞ்சிப் பதத்துலதான் குடுக்கணும். கேட்டீங்களா?"

"சரிங்க மேடம்" என்று தலையாட்டினார்.

மறுநாள் மதியம் வார்டுக்குள் நுழைகிறேன், ரூம்காரர் வெல்டரின் வாயில் டம்ளரை வைத்துச் சாய்த்துக்கொண்டிருக்கிறார். எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தண்ணீர். பாதி காலி.

"ஐயோ, நிறுத்துங்க! என்ன இது?"

"கஞ்சிதான் மேடம். ரூம்ல சோறு வடிச்சு, ஆறுறதுக்குள்ள டாக்ஸி புடிச்சு ஓடியாந்தேன்."

வடிகஞ்சி! நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக் கஞ்சி, சோறு கரையக் குழைத்தது. கரண்டியைச் சாய்த்தால் மெதுவாகத்தான் விழும். இவருக்குக் கஞ்சி என்றால் சோறு வடித்த தண்ணீர். பாவி நான், எந்தக் கஞ்சி என்று சொல்லவே இல்லையே!

"பலமா இருமுங்கண்ணே, இருமுங்க!" என்று கத்தினேன். இருமல் வரவில்லை. நர்ஸ் ஓடிவந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தாள். சாயங்காலம் காய்ச்சல் ஏறிவிட்டது.

"யார் கொடுத்தது?" என்று டாக்டர் கேட்டார். "நான்தான் சார்" என்று ரூம்காரர் முன்னால் வந்து நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம்தான் இருக்கும், ஆனாலும் நின்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பிறகுதான், "கஞ்சின்னு சொன்னது நான் டாக்டர்" என்றேன்.

மூன்று நாள் எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் உயிராக இல்லை. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. வராந்தாவில் ரூம்காரரைப் பிடித்து, "தப்பு என்னோடதுண்ணே" என்றேன்.

"சும்மா இருங்க மேடம். படிச்சவங்க தப்பாவா சொல்லப்போறீங்க? எனக்குத்தான் கூறு இல்ல."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அடுத்த வாரம் நானே தண்ணீரில் கெட்டியாக்கும் பொடியைப் போட்டுக் கலந்து, "நீங்க குடுங்கண்ணே" என்று ஸ்பூனை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.