சித்தப்பாவின் பறவைக் கடிதம்

பள்ளியில் கணினியில் தமிழ்த் தட்டச்சு சொல்லிக்கொடுத்தார்கள். அதை வீட்டில் பெருமையாகக் காட்டிக்கொண்டது என் தலையெழுத்து. எங்களோடு இருந்த சித்தப்பா உடனே என்னைப் பிடித்துக்கொண்டார். வார நாள்களில் அவர் கப்பல் பட்டறைப் பொறியாளர். ஞாயிறு வந்தால் தொலைநோக்கியும் கையுமாக எங்கள் தீவின் வடகரையிலிருக்கும் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு ஓடிவிடுவார். கல்லூரிக் காலத்தில் அவரோடு ஏரி ஏரியாகப் பறவை பார்த்து அலைந்த நண்பர் ஒருவர், வலசைப் பறவைகளைப் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து மனைவியோடு விமானமேறி வருவதாக இருந்தார். அவரவர் கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை. அவருக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். சித்தப்பா சொல்லச் சொல்ல நான் தட்ட வேண்டும்.

டிசம்பர் விடுமுறை அந்த ஒரே கடிதத்திலேயே போனது. வெள்ளைச் சட்டை போடாதே, சேற்றில் மேயும் உள்ளான் பறவைகள் தூரத்திலேயே பார்த்துவிடும். சென்ட் அடிக்காதே. முறுக்குப் பொட்டலம் எடுத்துவராதே, பிளாஸ்டிக் சலசலக்கும். கடல்நீர் ஏறுவதற்குள் மறைவிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், உட்கார்ந்தபின் பேசக் கூடாது, தும்மல் வந்தால் அடக்கிக்கொள். முடித்தோம் என்று நிமிரும்போது உள்ளானில் இன்னொரு வகை அவருக்கு நினைவு வரும். மறுபடி முதலிலிருந்து. கீழே விளையாட்டுத் திடலில் என் தோழிகள் கத்துவது கேட்கும். எனக்கு உள்ளான் இனத்தின் மீதே வெறுப்பு வந்தது.

தேக்கா சந்தையில் மீன் வாங்கிவந்த சித்தி ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"அவங்கள வீட்டுல வந்து தங்கச் சொல்லி எழுதுனீங்களா?"

"அதெல்லாம் அவனுக்குத் தெரியும் லா," என்றார் சித்தப்பா. ஐந்து பக்கமும் அப்படியே போய்ச் சேர்ந்தது.

பதில் இரண்டே வரி. லீவு கிடைக்கவில்லையாம், பறவைகளை நீ நன்றாகப் பார் என்றிருந்தது. சித்தி பிடித்துக்கொண்டார்.

"பொண்டாட்டியோட வர்ற மனுஷன வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிடல. தும்மாதேன்னு எழுதியிருக்கீங்க."

அந்த ஞாயிறு சித்தப்பா சுங்கை பூலோவுக்குப் போகவில்லை. எனக்கோ விடுதலை கிடைத்த சந்தோஷம்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிடாமல் அவரே கணினி முன் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். சாப்பாடு ஆறிப்போனது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னால் போய்ப் பார்த்தேன். திரையில் ஒரே வரி இருந்தது.

"பறவை கிடக்கட்டும்டா, உன்னைப் பார்க்கணும், வா."

எனக்கு வந்ததே கோபம். இவ்வளவுதான் விஷயமென்றால் முதல் நாளே எழுதித் தொலைத்திருக்கலாமே, என் விடுமுறையாவது பிழைத்திருக்குமே என்று முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுத்தேன். இந்த ஒரு வரியை எழுத வராமல்தான் அவர் ஐந்து பக்கம் எழுதினார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.