தலைவர் பேசியதும் நான் விழுங்கியதும்

மேடையில் ஒருவர் இங்கிலீஷில் பேச, பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்லும் வேலையில் கைதட்டல் அவருக்கு, திட்டு நமக்கு. பினாங்கில் எங்கள் சங்கத்துக்கு எட்டு வருஷம் அதைச் செய்தேன். அடுத்தவர் பேச்சைச் சுமந்து பிழைக்கும் நண்பர்களுக்கு என் பாடு புரியும்.

அரை மணி நேரம்

சங்கத் தலைவர் ஒரு டாக்டர். இந்த ஊரிலேயே பிறந்து இங்கிலீஷில் படித்தவர். வீட்டுப் பேச்சுக்கு மேல் தமிழ் வராது. நல்ல மனசு, நீண்ட நாக்கு. "எல்லோரும் சமம்" என்பதையே ஒருநாள் அரை மணி நேரம் பேசினார். நான் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊர்ப் பேச்சில் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு சொன்னார்.

"தம்பி, அடுத்த கூட்டத்துக்கு நீங்க மட்டும் வந்தா போதும் லா."

ஜன்னலுக்கு வெளியே

சங்கத்து வாசகசாலையில் சாயங்காலம் நான்தான் பத்திரிகையை உரக்கப் படிப்பேன். சில சாதிக்காரர்களை உள்ளே விடமாட்டார்கள். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பார்கள். வெள்ளைக்காரத் துரை வீட்டுச் சமையல்காரர் காத்தான் அவர்களில் ஒருவர். நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியதே இல்லை. ஒரு மழை நாளில் அபூர்வமாக அங்கே வந்த டாக்டர், குடையோடு நின்ற காத்தானிடம், "ஏன் உள்ள வரல?" என்று கேட்டார்.

"நான் உள்ள வந்தா இவங்கல்லாம் வெளிய போயிடுவாங்க, டாக்டரையா. அப்புறம் யாரு பேப்பர் படிக்கிறது?"

நாளைக்கு

அடுத்த பொதுக்கூட்டம் திடலில். முன்வரிசையில், வாசகசாலைக்கு இடம் கொடுத்த பெரிய வியாபாரிகள். டாக்டர் அன்று மூன்றே வாக்கியம் பேசினார். நாளை முதல் வாசகசாலைக்குள் எல்லோரும் வரலாம். பிடிக்காதவர்கள் தலைவரை மாற்றிக்கொள்ளலாம். கதவை மட்டும் மூட முடியாது.

நான் முன்வரிசையைப் பார்த்தேன். "காலப்போக்கில் எல்லோரும் வரலாம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். முன்வரிசை கைதட்டியது. என் மேடைத் தமிழ் புரியாத டாக்டருக்கு, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று முகமெல்லாம் சிரிப்பு. அப்போது பின்னாலிருந்து காத்தான் எழுந்தார்.

"துரை வீட்ல பன்னெண்டு வருஷமா இங்கிலீஷ் கேக்குறேன். டாக்டரையா நாளைக்குன்னு சொன்னாரு. அந்த நாளைக்கு எங்கண்ணே போச்சு?"

உள்ளே

வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று வாக்கியத்தையும் உள்ளது உள்ளபடி உரக்கச் சொன்னேன். முன்வரிசையில் நாலு நாற்காலி காலியானது. டாக்டர் அசையவில்லை.

மறுநாள் சாயங்காலம் வாசகசாலையில் பாதிப் பேர் வரவில்லை. காத்தான் வாசலில் ஒரு நிமிஷம் தயங்கினார். டாக்டர் எழுந்து போய் அழைத்துவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தார். காத்தான் என்னைப் பார்த்தார்.

"படிங்கண்ணே. ஒரு வரியும் விடாதீங்க."

அன்றிலிருந்து தலைவர் பேச்சில் நான் ஒரு வார்த்தையையும் குறைத்ததில்லை. பாவம் ஜனங்கள்தான், அந்த அரை மணி நேரத்தை இரண்டு தடவை கேட்டார்கள்.