நான்கு நொடிப் போலீஸ்

கிழக்குக்கோட்டைத் தியேட்டர் ஒன்றில், மலையாளப் படத்தின் பகல் காட்சிக்கு என் அடுத்த இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பழவங்காடி ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர் என்று பேச்சில் தெரிந்தது. நல்ல கறுப்பு, அகலத் தோள், முறுக்கிய மீசை. கூட வந்து பின்வரிசையில் உட்கார்ந்த ஆறு பேரும் அதே ஹோட்டல்காரர்கள்.

திரையில் அடி விழுவதற்கு முன்பே, தானே அடி வாங்குவதுபோல் இவர் கழுத்து திரும்பியது. கதாநாயகன் சாய்த்த அடியாட்களை நான் எண்ணினேன். பதினாறு பேர். அத்தனை பேரும் கறுப்பு, அத்தனை பேரும் பேசியது தமிழ். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“பாத்தீங்களா? அடி வாங்கறதுக்கு மட்டும் நம்ம ஆளு!”

“நானும் ஒம்பது படத்துல வாங்கியிருக்கேன் சாரே. இந்தக் கலருக்கு அதான் குடுப்பாங்க,” என்று சிரித்தார். “இதுலதான் மொதவாட்டி போலீஸ். எடிட்டிங்குல வெட்டாம விட்டுருக்கணும்.”

இடைவேளை முடிந்து வெகு நேரமாகியும் போலீஸ் வரவில்லை. அவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டையில் அவரே இறங்கி, வெளுத்த வில்லனுக்கு விலங்கு மாட்டினார்.

“அண்ணே, ஒன்ன யாருமே அடிக்கலியே!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். ஆறு பேரும் விசிலடித்தார்கள்.

“எத்தன செகண்ட் சாரே?”

“நாலு.”

“ரெண்டுன்னுலா சொன்னாங்க!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாலைப் பரோட்டாவுக்கு மாவு பிசைய வேண்டுமென்று, படம் முடியுமுன்னே ஏழு பேரும் ஓடினார்கள். கடைசியில் திரையில் போலீஸ் வேடத்துக்குப் பதினொரு பெயர்கள் ஓடின. அவர் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. பதினொன்றுக்கும் கைதட்டினேன்.