முதலில் தொட்டது யானை

சதுரங்கப் பலகையில் அனுசியா யானையைத் தூக்கி ராஜாவின் பக்கத்தில் வைத்தாள். கோட்டை கட்டி முடிக்க, ராஜாவை எடுத்து யானைக்கு அப்பால் வைக்கக் கை போவதற்குள், எதிரே இருந்த ஸ்ரீலக்ஷ்மி நடுவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

“கோட்டை கட்டும்போது ராஜாவத்தாம்மா மொதல்ல தொடணும். யானையத் தொட்டுட்டா அதுதான் ஆட்டம், ராஜாவ நகத்தக் கூடாது,” என்றார் நடுவர்.

“நான் எப்பவும் இப்படித்தான் சார் வைக்கேன்.”

“யார்கூட?”

குற்றாலத்தில் எண்ணெயும் சோப்பும் விற்கிற கடை அனுசியாவுடையது. அருவி வற்றிய மாதங்களில் பலகையை விரித்து இரண்டு பக்கமும் அவளே ஆடுவாள். இத்தாலியன் என்கிற தொடக்க ஆட்ட முறையில் எதற்கு எது வலுவான நகர்வு என்று ஆறு வருஷமாகப் பாடம் செய்திருந்தாள். தப்பு என்று சொல்ல எதிரே யாரும் இருந்ததில்லை.

தென்காசி மண்டபத்தில் நடந்த இந்தக் கடைசிச் சுற்றை ஜெயித்தால் மாவட்ட அணியில் இடம். அந்தச் சான்றிதழோடு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு எழுதிப்போட, இந்த ஒரு வருஷம்தான் வயது மிச்சம்.

யானை வைத்த இடத்திலேயே நின்றது. அதன் பிறகு பாடம் செய்தது எதுவும் பலகைக்கு ஒத்துவரவில்லை. ராஜா நடுவில் மாட்டிக்கொண்டது. இருபதாவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தாள்.

“ஓப்பனிங் சூப்பரா ஆடுனிய, யக்கா,” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

“அது மட்டுந்தானே தெரியும்.”

மறுநாள் எட்டு மணிக்குக் கடையைத் திறந்தாள். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சோப்பு வாங்கினார். இன்னொருவர் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். ஐந்து மணிக்குக் கடையை அடைத்தாள்.